ஒற்றை வருடத்து மீனும் இரட்டை வருடத்து மீனும்

எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போகும் விஷயத்தில் இரண்டு இடத்தில் கோபப்படுகிறேன். இரண்டு தரமும் அதனால் எனக்கு நன்மைதான் வந்தது. கோபம் கூடாது என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்திருந்து வாசிக்கட்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சுவிசில், லுசேர்ண் நகரத்துக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டிய ஒரு கட்டடத்தில் எங்களுக்கு ஓர் அறையும் குசினியும் இருந்தன. யாழ்ப்பாணத்தில் பேசி முடித்த கல்யாணம். அவர் முன்னமே அகதியாக வந்துவிட்டார், நான் பின்னால் வந்தேன். அவருக்கு ஏரிக்கரையில் உல்லாசப் பயணிகள் தங்கும் பெரிய ஹோட்டல் ஒன்றின் குசினியில் வேலை. காலையில் போனால் மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்ததும் கொஞ்ச நேரம் ஓய்வு. அதற்கு இங்கே ‘சிம்மர்ஷ்டுண்டே’ என்று பெயர். வீட்டுக்கு வந்து திரும்ப நேரம் போதாது, அதனால் ஏரிக்கரை மர வாங்கில் சும்மா குந்தியிருப்பார். பிறகு இராச் சாப்பாட்டு வேலை. வீடு வந்து சேரும்போது நான் சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருப்பேன். விடிய முன் நான் எழும்பிப் பஸ் பிடிக்கப் போகும்போது அவர் சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார்.

சனி ஞாயிறு எனக்கு ஓய்வு. அவருக்கு அந்த இரண்டு நாளும்தான் கை ஓயாத வேலை. அவருக்கு ஓய்வு கிடைக்கும் நாட்களில் எனக்குப் பகலில் ஒரு வேலை, பின்னேரத்தில் இன்னொரு வேலை. நான் சமைத்துப் பிரிட்ஜில் வைப்பேன். காலையில் பார்த்தால் சட்டி கழுவிக் கவிழ்த்துக் கிடக்கும். கறி உறைப்பா, புளிப்பா, உப்புக் கூடிப்போச்சா, ஒரு சொல் வராது. வீட்டில் ஓர் ஆம்பிளை இருக்கிறார் என்பதற்கு ஈரத் துவாயும் அந்தக் கவிழ்த்த சட்டியும்தான் சாட்சி.

இந்த லட்சணத்தில் எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று ஊரெல்லாம் கவலை! ஊரில் இருந்து போன் வந்தால் சுகம் விசாரிக்க முன்னமே “விசேஷம் ஒண்டும் இல்லையோ?” என்பார்கள். போனை வைத்துவிட்டுக் குசினியில் நின்று அழுவேன். எனக்குப் பிள்ளை வேண்டும். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பஸ்ஸில் யாராவது வண்டிலில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு ஏறினால், இறங்கவேண்டிய தரிப்பிடம் தாண்டியதும் தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மேல்மாடியில் எங்கள் ஆட்களில் ஓர் அக்கா இருந்தார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர், பக்திமான், ஜேர்மன் நன்றாகக் கதைப்பார். அவர்தான் என்னை மகப்பேற்று வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனார், மொழிபெயர்க்கவும் அவர்தான். வைத்தியர் சோதித்தார், இரத்தம் எடுத்தார், எல்லாம் சரி என்றார். கடைசியில் அக்காவைப் பார்த்து ஏதோ கேட்டார். அக்காவின் முகம் குங்குமமாய்ப் போய்விட்டது. என்னிடம் ஒன்றும் கேட்காமல் தானே “யா, யா” என்று பதில் சொல்லிவிட்டார்.

“என்னக்கா கேட்டவர்?”

“அது ஒண்டும் இல்லைப் பிள்ளை. எல்லாம் ஒழுங்குதானோ எண்டு கேட்டவர். ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.”

புருசனும் பெண்சாதியும் எத்தனை தரம் சேர்ந்து படுக்கிறீர்கள் என்றுதான் வைத்தியர் கேட்டிருக்கிறார். எனக்கு அது பிறகு என் ஜேர்மன் கொஞ்சம் முன்னேறிய காலத்தில்தான் விளங்கியது. அக்காவைக் குறை சொல்லமாட்டேன். என்னிடம் கேட்டிருந்தாலும் நானும் வெட்கத்தில் “ஓம்” என்றுதான் சொல்லியிருப்பேன்.

வைத்தியம் சரிவராத இடத்தில் முருகன். கந்தசஷ்டி விரதம் பிள்ளை வரத்துக்குப் பிடிக்கிற விரதம், தமிழர் எல்லாருக்கும் தெரியும். ஐப்பசியில், இங்கே அநேகமாக நவம்பரில் வரும். ஆறு நாளும் பாலும் பழமும்தான். ஏழாம் நாள் காலை குளித்து, சமைத்து, படைத்து, பாறணை என்று விரதத்தை முடித்துச் சாப்பிடுவோம். சாமிக்குப் படைக்கிற சமையல் என்றபடியால் ருசி பார்க்கக்கூடாது. வருடம் தவறாமல் பிடித்தேன். அவருக்கும் அதில் என்னைவிட நம்பிக்கை அதிகம். ஹோட்டலில் நாள் முழுக்க இறைச்சியிலும் மீனிலும் கை வைக்கிறவர், அந்தக் கையோடு விரத வீட்டுக்குள் வரக்கூடாது என்று, தனக்குக் கிடைக்கிற லீவில் ஒரு கிழமையை அந்த விரதத்துக்கென்றே ஒதுக்கி வைப்பார். மற்ற லீவெல்லாம் பயணிகள் குறைகிற மாரியில், அதாவது பனிக்காலத்தில், ஹோட்டல்காரன் சொல்கிற நாளில். அந்த நாட்களில் நான் இரட்டை வேலையில் நிற்பேன். ஆக, இரண்டு பேரும் ஒன்றாக வீட்டில் இருக்கிற கிழமை வருடத்தில் அது ஒன்றுதான். என் பின்னேர வேலைக்கு அந்தக் கிழமை முழுக்கவும், பகல் வேலைக்குப் பாறணை அன்றும் நான் லீவு எடுப்பேன்.

விரதக் கிழமையில் புருசன் பெண்சாதி தள்ளி இருக்கவேண்டும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அவர் சோபாவில் போர்வையைச் சுற்றிக்கொண்டு படுப்பார், நான் கட்டிலில். பகலில் வீட்டில் சாப்பாட்டு மணம் வரக்கூடாது என்று, சூரிச் பக்கம் டீட்டிகோன் என்ற ஊரில் இருந்த தன் கூட்டாளி வீட்டுக்குப் போய்விடுவார். பாறணை அன்று அவருக்கு லீவு முடிந்து காலையிலேயே வேலை. நான் தனியாகச் சமைத்து, தனியாகப் படைத்து, தனியாகச் சாப்பிடுவேன். ஒரு வருடம் சாம்பாரில் உப்பே போடவில்லை. வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது. சொல்ல ஆள் இல்லை, அப்படியே சாப்பிட்டு முடித்தேன்.

இப்படிப் பல வருடம் நடந்தது. எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டுமே? உறைக்கவில்லை.

இனி மீனுக்கு வருகிறேன்.

என் பகல் வேலை ஏரிக்கரையில் இருந்த ஓர் ஆய்வு நிலையத்தில். ஏரி, ஆறு, அவற்றில் வாழும் உயிர்கள் பற்றிய ஆராய்ச்சி. நான் கூட்டித் துடைக்கப் போனவள். மேல் தளத்தில் ஒரு பெண் ஆய்வாளர் இருந்தார். ஐம்பது வயது மட்டில், நெட்டை, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற பேர்வழி. எல்லாரும் ‘ஃபிரௌ டொக்டர்’ என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். ஒருநாள் நான் நிலம் துடைக்கும்போது, நீங்கள் தீவில் இருந்து வந்தவர்தானே, மீன் பழக்கம்தானே, எனக்கு மீன் செதில் கழுவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்ட ஆள் வேண்டும், செய்கிறீர்களா என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீடு தலைமுறையாகச் சைவம். ரின்னில் அடைத்த மீன்கூட எங்கள் படலையைத் தாண்டியதில்லை. மீனை நான் நெருங்கிப் பார்த்ததே சுவிசுக்கு வந்த பிறகு, கடைக் கண்ணாடிக்குள்தான். ஆனால் முழங்காலில் நின்று நிலம் துடைக்கிறதைவிடக் கதிரையில் இருந்து செதில் கழுவுவது மேல். “ஓம், பழக்கம்தான்” என்று சொல்லிவிட்டேன். முதல் கிழமை மூக்கைப் பொத்திக்கொண்டு செய்தேன். வீட்டுக்குப் போனால் தலை முழுகாமல் சாமி அறைப்பக்கம் திரும்பமாட்டேன். சாமி அறை என்றால், அலுமாரியின் மேல் தட்டு. விரதக் கிழமையில் மட்டும் செதிலைத் தொடமாட்டேன் என்று ஃபிரௌ டொக்டரிடம் சொல்லியிருந்தேன். அதற்கு அவர் காரணம் கேட்கவில்லை.

அவர் ஆராய்ந்தது இளஞ்சிவப்புச் சால்மன். சதை அந்த நிறத்தில் இருப்பதால் அப்படிப் பெயர். முட்டையிட ஆற்றில் ஏறுகிற காலத்தில் ஆண் மீனுக்கு முதுகில் பெரிய கூனல் விழும். படத்தைக் காட்டியபோது, பாவம், யாரோ மூட்டை ஏற்றிவிட்டது போல இருந்தது. இந்த மீன் சுவிசில் இல்லை. வட அமெரிக்காவின் பெரிய ஏரி ஒன்றில் பிடித்த மீன்களின் செதில்களைச் சிறு கடதாசி உறைகளில் போட்டு அவருக்கு அனுப்புவார்கள். மரத்துக்கு வளையம் இருப்பதுபோல மீன் செதிலுக்கும் வளையம் உண்டு. கோடையில் மீன் நன்றாகத் தின்று வளரும், வளையங்கள் தள்ளித் தள்ளி விழும். மாரியில் வளர்ச்சி குறையும், வளையங்கள் நெருங்கிவிடும். அந்த நெருக்கத்தைப் பார்த்து மீன் எத்தனை மாரி கண்டது என்று சொல்லிவிடலாம்.

என் மேசையில் நீலத் தட்டுகளும் மஞ்சள் தட்டுகளும் இருந்தன. ஒற்றைப்படை வருடத்தில் பிடித்த மீனின் செதில் நீலத்துக்கு, இரட்டைப்படை வருடத்தில் பிடித்தது மஞ்சளுக்கு. எதை வேண்டுமானாலும் பிழைவிடுங்கள், இந்த இரண்டையும் கலந்துவிடாதீர்கள் என்று ஃபிரௌ டொக்டர் திரும்பத் திரும்பச் சொல்வார். ஓர் ஒக்டோபர் மாதம், ஒன்பது மணித் தேநீருக்கு இருந்தபோது, அப்படி என்ன இரண்டுக்கும் பகை என்று கேட்டேன். என் ஜேர்மன் அப்போது ஓட்டை ஜேர்மன். அவர் மெல்ல மெல்ல, கையால் காட்டிக் காட்டிச் சொன்னார்.

“இந்த மீனின் ஆயுள் இரண்டே வருடம். இலையுதிர் காலத்தில் ஆற்றுக் கூழாங்கல்லுக்குள் முட்டையிடும். குஞ்சு வசந்தத்தில் வெளியே வந்து நேரே கடலுக்குப் போய்விடும். அடுத்த வருடம் இலையுதிர் காலத்தில் ஆற்றுக்குத் திரும்பி வரும், முட்டையிடும், செத்துவிடும். எல்லா மீனும் அப்படித்தான். பிந்துவதும் இல்லை, முந்துவதும் இல்லை.”

“சரி.”

“அப்படியென்றால் யோசித்துப் பாருங்கள். ஒற்றை வருடத்தில் பிறந்த மீனின் பிள்ளையும் ஒற்றை வருடத்தில்தான் வரும். இரட்டை வருடத்து மீனின் பிள்ளை இரட்டை வருடத்தில் வரும். ஒரே ஆறு, ஒரே கூழாங்கல், ஒரே படுக்கை. ஆனால் அவை ஒன்றையொன்று காண்பதே இல்லை. இது வரும்போது அது இல்லை. அது வரும்போது இது இல்லை.”

நான் கோப்பையை வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினேன். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு எப்படிக் கண்ணீர் வந்தது என்று தெரியவில்லை, குலுங்கிக் குலுங்கி அழுதேன். பாவம் மனிசி பயந்துபோனார். எழும்பி வந்து என் தோளைத் தட்டினார்.

“ஃபிரௌ டொக்டர், அது என் வீடு,” என்றேன். “ஒரு கட்டில். நான் போக அவர் வருவார். அவர் போக நான் வருவேன்.” பிறகு, எங்கிருந்து தைரியம் வந்ததோ, பிள்ளைக் கதையையும் சொல்லிவிட்டேன்.

அவர் கவனமாகக் கேட்டார். “இரண்டு பேருக்கும் சேர்ந்து விடுமுறையே இல்லையா?”

“இருக்கு. ஒரு கிழமை. அடுத்த மாதம்.”

“நல்லதுதானே!”

“இல்லை. அந்தக் கிழமை நான் விரதம். விரதத்தில் அவர் சோபாவில் படுக்கவேண்டும்.”

“எதற்கு விரதம்?”

“பிள்ளை கிடைக்க.”

ஃபிரௌ டொக்டர் என்னைப் பார்த்தார். வாயை இறுக்கிப் பார்த்தார், முடியவில்லை. வெடித்துச் சிரித்தார். கண்ணாடி நெற்றியில் இருந்து விழுந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேசையில் தலையை வைத்துச் சிரித்தார்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! என் அழுகை, என் விரதம், என் முருகன், எல்லாம் இவளுக்குப் பகிடியாய்ப் போச்சோ? வேலைக்குப் போடும் மேலங்கியைக் கழற்றிக் கதிரையில் எறிந்தேன். “நீங்களும் உங்கடை மீனும்!” என்று சுத்தத் தமிழில் கத்திவிட்டுக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் அவரைத் திட்டினேன். வீட்டு வாசலில் சாவியைத் தேடும்போதுதான், அவர் சிரித்தது எதற்கு என்பது மெல்ல மெல்ல என் மண்டைக்குள் இறங்கியது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே இருந்துவிட்டேன். என்ரை கடவுளே, பிள்ளை வேண்டும் என்று விரதம் இருந்து இருந்து, பிள்ளை வரக்கூடிய ஒரே கிழமையையும் நாங்களே பூட்டி வைத்திருக்கிறோம்!

அடுத்த நாள் போகாமல் விடுவோமா என்றுகூட யோசித்தேன். போனேன். என் மேசையில் மேலங்கி மடித்து வைத்திருந்தது. ஃபிரௌ டொக்டர் எழும்பி நின்று, நேற்று நான் சிரித்தது பெரிய மரியாதைக் குறைவு, என்னை மன்னிக்க வேண்டும் என்றார். அவ்வளவு படித்த மனிசி எழும்பி நின்று மன்னிப்புக் கேட்டதில் எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

“பரவாயில்லை. சிரிக்க வேண்டிய கதைதான்,” என்றேன்.

“நேற்று நான் பாதிதான் சொன்னேன்,” என்றார் அவர். “இரண்டு வருடக் கணக்குத் தவறாது என்றேன் அல்லவா? கடலில் அப்படித்தான். இந்த ஏரி வேறு. இங்கே இந்த மீனை யாரும் வேண்டி விடவில்லை. மிச்சமாய்ப் போன குஞ்சுகளை ஒருதரம் தண்ணீரில் கொட்டிவிட்டார்கள். உப்பில்லாத தண்ணீர், குளிர், பழக்கமில்லாத சாப்பாடு. செத்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சாகவில்லை. ஒற்றை வருடத்தில் ஆற்றில் ஏறி முட்டையிட்டன. பிறகு பார்த்தால், இரட்டை வருடத்திலும் மீன் ஏறுகிறது.”

“அது எங்கேயிருந்து வந்தது?”

“ஏரி குளிர் அல்லவா, சில மீன்கள் மெல்லத்தான் வளர்ந்தன. இரண்டு வருடத்தில் தயாராகவில்லை. அவை இன்னொரு வருடம் பொறுத்தன. மூன்று வருட மீன். ஒற்றை வருடத்துப் பிள்ளை இரட்டை வருடத்தில் வந்து நின்றது. அதற்குப் பிறகு இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று காண வழி பிறந்துவிட்டது. நீங்கள் கழுவுகிற செதில்களுக்குள் நான் தேடுவது அந்த மீனைத்தான். ஒரு மாரிக்குப் பதில் இரண்டு மாரி கண்ட செதில்.”

அவர் எனக்கு ஒரு புத்தியும் சொல்லவில்லை. விரதத்தை விடு என்றும் சொல்லவில்லை, பிடி என்றும் சொல்லவில்லை. திரும்பிப் போய் நுண்ணோக்கியில் குனிந்துகொண்டார். நான் செதில் கழுவிக்கொண்டே அந்த மீனை நினைத்தேன். கொட்டிவிட்ட இடத்தில் கிடந்து, உப்பில்லாத தண்ணீரில், இனத்தின் வழக்கத்தையே மாற்றிக்கொண்டு பிழைத்திருக்கிறது. நாங்களும் கொட்டுப்பட்டு வந்த சனம்தானே என்று நினைத்தேன்.

அன்று மத்தியானம் அரைநாள் லீவு கேட்டு லுசேர்ணுக்குப் பஸ் ஏறினேன். என் புருசன் ஏரிக்கரை வாங்கில், வெள்ளைச் சட்டையோடும் கட்டம்போட்ட காற்சட்டையோடும் இருந்தார். அந்த உடுப்பில் அவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னைக் கண்டதும் எழும்பி நின்றுவிட்டார். முகம் பேயறைந்த மாதிரிப் போனது.

“என்ன நீர் இஞ்சை? ஊரிலை யாருக்கும் ஏதும்…?”

“ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை. இருங்கோ. கதைக்கவேணும்.”

பக்கத்தில் மறோனிக் கொட்டை சுடுகிற வண்டில் நின்றது. அவர் போய் ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். விருந்தாளிக்கு வாங்கிக் கொடுப்பது போல என் மடியில் வைத்தார். நான் மீன் கதையைத் தொடக்கத்தில் இருந்து சொன்னேன். முதலில் தலையாட்டிக் கேட்டார். விரதத்தில் வந்து நின்றதும் தலையாட்டு நின்றுவிட்டது.

“இந்த முறை விரதம் வேண்டாம்,” என்றேன்.

“உமக்கு என்ன விசரோ? வெள்ளைக்காரியிட்டை எங்கடை வீட்டுக் கதையைச் சொல்லி, அவள் சிரிச்சாள் எண்டு சாமியை விடுறதோ? நான் வந்த வழியிலை, ராப்பகலாச் சாப்பாடில்லாமல் காட்டுக்குள்ளை நிக்கேக்கை முருகா எண்டுதான் கூப்பிட்டனான். அவர்தான் கொண்டுவந்து விட்டவர்.”

“கொண்டுவந்து விட்டவர் சோபாவிலையோ படுக்கச் சொன்னவர்?” என் குரல் ஏறிவிட்டது. வாத்துகளுக்குப் பாண் போட்டுக்கொண்டிருந்த ஒரு வயதான தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்! “வள்ளியைத் தேடித் தினைப்புனத்துக்கு நடந்து போனவர் அவர். கிழவன் வேசம் போட்டு, யானையைக் கூப்பிட்டு, என்ன கூத்தெல்லாம் ஆடினவர்? பெண்சாதியைக் காண இவ்வளவு பாடுபட்ட சாமிக்கு எங்கடை கஷ்டம் விளங்காதோ? நீங்கள் ஒரு பஸ் ஏறி என்னைப் பாக்க வந்தனீங்களோ? இண்டைக்கு நான்தானே வந்தனான்!”

அவர் ஏரிப் பக்கம் திரும்பினார். மிகவும் சின்னக் குரலில் கேட்டார்.

“விரதத்தையும் விட்டுப்போட்டு, பிறகும் பிள்ளை இல்லையெண்டால்? பிறகு நாங்கள் என்னத்தைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறது?”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இந்த மனிதனும் இத்தனை வருடம் என்னைப் போலத்தான் தவித்திருக்கிறார் என்று. போன் வந்த நாட்களில் நான் குசினியில் அழுதது எனக்குத் தெரியும். அவர் எங்கே நின்று அழுதார்? இந்த வாங்கிலா? என் கோபம் எங்கே போனதோ தெரியவில்லை.

“அப்ப ஒரு கிழமையாவது ரெண்டு பேரும் ஒண்டாயிருந்து சாப்பிட்டிருப்பம்,” என்றேன்.

அவர் ஒரு மறோனியை எடுத்துத் தோல் உரித்தார். ஊதி ஆற்றி என் கையில் வைத்தார். வேலைக்குப் போக நேரமாகிவிட்டது. எழும்பி, காற்சட்டையைத் தட்டிக்கொண்டு, “நான் சமைக்கிறன். நீர் குசினிப் பக்கம் வரக்கூடாது,” என்றார்.

சஷ்டி தொடங்கிய அன்று காலை அலுமாரித் தட்டில் விளக்கேற்றி முருகனிடம் நேரே கதைத்தேன். இந்த முறை என்னைப் பார்த்துக்கொள், கணக்கைப் பிறகு தீர்க்கிறேன் என்றேன். மேல்மாடி அக்கா விரதத்தை நான் விட்டதை அறிந்து, “பிள்ளை வேணும் எண்ட நீயோ இதைச் செய்யிறாய்?” என்று கேட்டுவிட்டு, படியில் கண்டால் முகத்தைத் திருப்பத் தொடங்கினார். அது எனக்கு வலித்தது. ஆனால் அந்தக் கிழமை வேறெதுவும் வலிக்கவில்லை.

அவர் சமைத்தார், நான் சாப்பிட்டேன். தலைமைச் சமையல்காரன் எப்படிக் கத்துவான் என்று நடித்துக் காட்டினார், நான் சிரித்துப் புரைக்கேறினேன். அவருடைய வலது மணிக்கட்டில் எண்ணெய் பட்ட நீளத் தழும்பு ஒன்று இருந்தது. எப்போது பட்டது என்று கேட்டேன். போன வருடம் என்றார். போன வருடம் பட்ட காயத்தை இந்த வருடம் பார்க்கிறேன்! அதற்காக ஒரு மூச்சு அழுதேன். பிறகு சின்ன விஷயம் ஒன்றுக்குப் பெரிய சண்டை பிடித்தோம். சண்டை பிடிக்கவும் நேரம் வேண்டுமே, அதற்கும் எங்களுக்கு அதுவரை வசதி இருக்கவில்லை. சோபாவில் அந்தக் கிழமை துவைத்த உடுப்புத்தான் கிடந்தது.

அந்த மாதம் பிள்ளை தங்கவில்லை. கதையில் என்றால் தங்கியிருக்கும். நான் குளியலறையில் இருந்து வந்து அவருக்குச் சொன்னபோது, “சாமி குற்றம்” என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் என்னைப் பக்கத்தில் இருத்தினார். பிறகு, “நான் வேறை வேலை தேடப்போறன். பகல் வேலை,” என்றார். மாரி முழுக்கத் தேடினார். கடைசியில் ஒரு வைத்தியசாலைக் குசினியில் கிடைத்தது. விடியப் போனால் பின்னேரம் வீட்டில் நிற்பார். நான் என் பின்னேரத் துடைப்பு வேலையை விட்டேன். இரவில் இரண்டு பேரும் மேசையில் இருந்து சாப்பிட்டோம். நான் எதைப் போட்டாலும், விருந்துக்கு வந்தவர் மாதிரி, “நல்லா இருக்கு, நல்லா இருக்கு” என்பார். எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

வசந்தத்தில் ஒருநாள் ஃபிரௌ டொக்டர் என்னைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். மஞ்சள் தட்டில் இருந்த ஒரு செதில் நுண்ணோக்கியின் கீழ் இருந்தது. பாருங்கள் என்றார். எனக்கு முதலில் வெறும் கோடுகள்தான் தெரிந்தன. எங்கே பார்க்கவேண்டும் என்று அவர் பொறுமையாகச் சொல்லித் தந்தார். நடுவில் இருந்து வெளியே வந்தால் வளையங்கள் நெருங்குகிற ஓரிடம். அது ஒரு மாரி. இன்னும் வெளியே வந்தால் மறுபடி நெருங்குகிற இன்னோர் இடம்.

“இரண்டு மாரி,” என்றேன்.

“இரண்டு மாரி! பிந்தி வந்தவள்,” என்றார் அவர். “பெண் மீன்.” அந்த வயதில் அந்த மனிசி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அறைக்குள் சுற்றினார். எனக்குத் தலை சுற்றியது. அது ஆட்டத்தால் வந்த சுற்று இல்லை என்று ஒரு கிழமை கழித்து வைத்தியர் சொன்னார்.

மகள் தை மாதத்தில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் பிறந்தாள். மேல்மாடி அக்கா திருநீறும் பழமும் கொண்டு வைத்தியசாலைக்கு ஓடி வந்தார். கோபமெல்லாம் பறந்துபோய்விட்டது. “பாத்தியோ, முன்னம் பிடிச்ச விரதமெல்லாம் வீண்போகேல்லை,” என்று குழந்தையின் நெற்றியில் பூசினார். ஃபிரௌ டொக்டரும் வந்தார். குழந்தையை வாங்கி, காலைப் பார்த்து, கையைப் பார்த்து, கடைசியில் முதுகைத் தடவிக் கூனல் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டார். இருவரில் யார் சொல்வது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போகவில்லை. முருகன் மீனைக்கொண்டும் சொல்லுவான் என்று எனக்கொரு எண்ணம் உண்டு.

அந்த வருட நவம்பரில் கணக்கைத் தீர்த்தேன். விரதம் பிடித்தேன். அவர் சோபாவில் படுத்தார், நெஞ்சில் மகள் படுத்திருந்தாள். ஆறு நாளும் அவர்தான் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டினார். பாறணை அன்று அவர் லீவு போட்டுவிட்டு வீட்டில் நின்றார். நான் விடியக் குளித்து, ருசி பார்க்காமல் சமைத்து, முருகனுக்குப் படைத்து, இரண்டு இலை போட்டேன். வாழையிலை அல்ல, கடையில் வாங்கிய கடதாசித் தட்டுத்தான். மகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் எனக்கு எதிரே இருந்தார்.

சோற்றில் சாம்பாரை விட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். நின்றார். வழக்கம்போல “நல்லா இருக்கு” வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன்.

“இஞ்சேரும்,” என்றார். “உப்பே போடேல்லை நீர்.”

நான் எழும்பிப் போய் உப்புப் போத்தலை எடுத்தேன். குசினியில் கொஞ்ச நேரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் வைத்தேன்.